சாலை காலி, ஆனால் இரவு பஸ் மட்டும் ஏன் நேரத்துக்கு வருவதில்லை?

வாசகர் ஒருவரின் கேள்வி: இரவு 11.50-க்கு எங்கள் நிறுத்தத்துக்கு வர வேண்டிய பஸ் சில நாள் 11.44-க்கே போய்விடுகிறது, சில நாள் 12.05 ஆகியும் காணோம். அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான். சாலையில் வண்டியே இல்லாத நேரத்தில் ஏன் இந்தக் குளறுபடி, நான் என்ன செய்யலாம்?

சீக்கிரம் போவதற்குக் காரணமே சாலை காலியாக இருப்பதுதான். நெரிசல், சிக்னல், ஏறி இறங்கும் கூட்டம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துப் போட்ட பகல் ஓட்ட நேரத்தையே இரவுக்கும் வைத்துவிட்டால், 50 நிமிடம் என்று எழுதிய தூரத்தை பஸ் 40 நிமிடத்தில் கடந்துவிடும். கைகாட்ட ஆளில்லாத நிறுத்தங்களை நிற்காமலே தாண்டும். தாமதத்தின் கதை வேறு. அதே வண்டி மாலை நெரிசலில் பட்ட தாமதம், முனையத்தில் போதிய இடைவெளி விடாததால், ஒவ்வொரு நடையாகத் தொற்றிக்கொண்டு நள்ளிரவு வரை வந்துவிடுகிறது.

இரண்டில் முன்கூட்டியே போவதுதான் பெரிய தப்பு, இதை அழுத்தியே சொல்வேன். 15 நிமிடம் தாமதமானால் உங்களுக்கு நஷ்டம் 15 நிமிடம். 6 நிமிடம் முந்திப் போனால் நஷ்டம் முழுசாக ஒரு மணி நேரம். அதனால்தான் பல இடங்களில் 5 நிமிடத் தாமதம் வரை பொறுத்துக்கொள்கிற அளவுகோல், முந்திப் போவதில் ஒரு நிமிடத்துக்கு மேல் விடுவதில்லை.

சரி, நீங்கள் செய்யக்கூடியது. வழித்தடத்தின் முழு அட்டவணையை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் எல்லா நிறுத்தத்துக்கும் நேரம் இருக்காது, நேரம் போட்டிருக்கும் சில நிறுத்தங்களில்தான் சீக்கிரம் வந்த பஸ் காத்திருக்க வேண்டும். நடுவில் உள்ளவற்றுக்கு ஆப் காட்டுவது வெறும் மதிப்பீடு. அப்படியொரு நிறுத்தம் நடக்கிற தூரத்தில் இருந்தால் அங்கே போய் ஏறுங்கள். இல்லையென்றால், 11.44-க்கே போகிற பஸ்ஸுக்கு 11.40-க்குள் நின்றாக வேண்டும், வேறு வழியில்லை.

ஆப்பையும் கண்மூடி நம்ப வேண்டாம். வண்டியின் ஜிபிஎஸ் சிக்னல் வராதபோது பல ஆப்கள் அட்டவணை நேரத்தையே காட்டும். வரைபடத்தில் பஸ் தெரியாமல், 'இன்னும் 7 நிமிடம்', '6', '5' என்று கடிகாரம் மாதிரி குறைந்துகொண்டே வந்தால் அது அநேகமாக அட்டவணைதான். அப்புறம் தேதி. பஸ் அட்டவணைகளுக்கான ஜிடிஎஃப்எஸ் தரவு வடிவத்தில், வெள்ளி இரவு சேவையின் தொடர்ச்சியாக 12.20-க்கு ஓடும் பஸ் வெள்ளிக்கிழமைக் கணக்கில் 24:20 என்றே பதிவாகும். அச்சிட்ட அட்டவணையிலும் அதை வெள்ளியின் கீழேயே தேடுங்கள், சனிக்கிழமைப் பக்கத்தில் வேறு பஸ் இருக்கும்.

கடைசி பஸ்ஸை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். முடிந்தால் அதற்கு முந்தையதைப் பிடியுங்கள், கடைசி கைவசம் இருக்கட்டும்.

புகார் எழுதும்போது 'நேரத்துக்கு வருவதில்லை' என்று மட்டும் எழுதினால் அதை வைத்து அட்டவணை போடுபவரால் எதுவும் செய்ய முடியாது. இரண்டு வாரத்துக்குத் தேதி, தடம் எண், எந்தத் திசை, வர வேண்டிய நேரம், வந்த நேரம், வண்டி எண் குறித்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு மேல் தனி ஓட்ட நேரம் வேண்டும், உங்களுக்கு முன்னால் உள்ள, நேரம் போட்டிருக்கும் நிறுத்தத்தில் பஸ் காத்திருந்து கிளம்ப வேண்டும் என்று இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். இதற்குப் புது பஸ்ஸோ கூடுதல் ஓட்டுநரோ தேவையில்லை, அட்டவணையைத் திருத்தி அதன்படி ஓட்டச் சொன்னால் போதும்.