சாலில் விதை போட்டது யார்?

அன்புள்ள ஐயா,

என் அப்பா சென்ற மாசியில் காலமானார். பென்னாகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் கொல்லையும் ஒரு பழைய கிணறும் உண்டு. ஆயுள் முழுக்க அதில்தான் பாடுபட்டார். இயற்கையை உயிராக நேசித்தவர். பூச்சிமருந்து அடித்ததில்லை. பூமித்தாயைத் துளைக்க மனம் வராமல் கடைசிவரை போர்வெல் போடவில்லை. கிணற்றோரப் பனையில் தூக்கணாங்குருவி கூடு கட்டியிருந்தால் மட்டை வெட்ட விடமாட்டார். கேழ்வரகு அறுப்பில் ஓரத்துக் கதிர்களைக் குருவிகளுக்கென்று விட்டுவைப்பார். அம்மாவும் அவருக்கு உதவியாக இருந்தார்.

முதலாண்டு நினைவுக்கு ஒரு மலர் கொண்டுவர விரும்புகிறேன். எழுதிய வரையில் இணைத்திருக்கிறேன். அட்டையில் மயில் படம் போட எண்ணம். ஐநா சபை 2019 முதல் 2028 வரை குடும்ப விவசாயப் பத்தாண்டு என்று அறிவித்திருக்கிறதே, அதைக் குறிப்பிடலாமா? வருகிறவர்களுக்கு மரக்கன்று தரலாமா? அப்பாவின் இயற்கை நேசம் படிப்பவர் மனதில் பதிய எப்படி எழுத வேண்டும்? நீங்கள் ஒரு முன்னுரை தந்தால் எங்கள் குடும்பமே மகிழும்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)
பெங்களூர்

அன்புள்ள தம்பி,

அப்பா போன துக்கம் ஒரு வருஷத்தில் ஆறுகிற விஷயம் இல்லை. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதே நல்ல காரியம். அதைச் சொல்லிவிட்டுத்தான் திட்ட ஆரம்பிக்கிறேன்.

ஐநா சபையை விடுங்கள். மரக்கன்று உங்கள் இஷ்டம், ஆனால் வாங்கிப் போகிறவரிடம் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்களை ஒரே மூச்சில் படித்தேன். 'மண்ணின் மைந்தர்', 'எளிமையின் சிகரம்', 'இயற்கையின் காதலர்'. இதில் உங்கள் அப்பா எங்கே இருக்கிறார்? பேரை மாற்றினால் அரூரிலோ ஊத்தங்கரையிலோ யாருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கும் இதைக் கொடுக்கலாம். என்ன ரகக் கேழ்வரகு விதைத்தார்? உள்ளே ஊடுபயிர் என்ன போட்டார்? மாடு வைத்திருந்தாரா, எந்த வருஷம் விற்றார்? ராத்திரி பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டிக் காட்டுப்பன்றியை விரட்டாமலா அந்தக் காட்டோரத்தில் ஒருவர் கடலை எடுத்திருப்பார்? பன்றியை வைதுகொண்டே விடிய விடிய விழித்திருந்தவர்தான் குருவிக்குக் கதிர் விட்டவரும். முதல் ஆளை நீக்கிவிட்டு இரண்டாமவரை மட்டும் மலரில் வைத்தால் அவர் சாமி படம் ஆகிவிடுவார். விவசாயி காணாமல் போய்விடுவார்.

செத்தவர்களை நினைவு வைத்துக்கொள்வது எப்படி என்று நம்ம பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தருமபுரி அருங்காட்சியகத்துக்கு ஒரு தரம் போய் அங்கே நிற்கிற நடுகற்களை, சண்டையில் மாண்டவர்களுக்கு நட்ட கற்களை, பாருங்கள். பக்கத்தில் செங்கம் வட்டாரத்தில், எடுத்தனூரில் ஒரு கல் கிடைத்திருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்தது. எந்த ராஜா காலம், யாருடைய ஆள், எதற்காக விழுந்தான், எல்லாம் நாலே வரியில் இருக்கிறது. அவன் வளர்த்த நாய்க்கும் பேர் போட்டிருக்கிறார்கள், கோவிவன் என்று. அது இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காத்து நின்றது என்று தனியாகச் செதுக்கியிருக்கிறார்கள். 'வீரத்தின் சிகரம்' என்று ஒரு வார்த்தை இல்லை. ஏழாம் நூற்றாண்டில் உளி பிடித்தவனுக்குத் தெரிந்தது, கணினி அச்சுக் காலத்தில் நமக்கு மறந்துபோய்விட்டது.

ஆனால் அந்தக் கல்லிலும் ஒரு குறை உண்டு. நாயின் பேர் இருக்கிறது, அவன் மனைவியின் பேர் இல்லை. இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். 'அம்மாவும் அவருக்கு உதவியாக இருந்தார்.' இவ்வளவு பக்கத்தில் அம்மாவுக்கு இந்த ஒரு வரிதான். இதைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் உங்கள்மேல் மட்டும் வந்தது இல்லை.

எங்கள் பெரியப்பாவுக்கு ராயக்கோட்டை பக்கம் கொல்லை இருந்தது. ஆடியில் கேழ்வரகு விதைப்பார்கள். நடுநடுவே சில சால்களில், அதாவது ஏர் கீறிய வரிசைகளில், அவரை, துவரை, ஓரத்தில் ஆமணக்கு, அங்கங்கே சோளம். கேழ்வரகைக் கார்த்திகையில் அறுத்துக் களத்துக்குக் கொண்டுபோன பிறகும் அந்த அவரைச் சால்கள் கொல்லையில் நிற்கும். எங்கள் பக்கத்து நாட்டு அவரை பகல் சுருங்கினால்தான் பூக்கும். பனி இறங்க இறங்கக் காய் கட்டும். மார்கழி ராத்திரியில் வீட்டுக்குள் நுழைந்தாலே அந்த மணம் அடிக்கும், காயின் மேல்தோலில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கின் மணம். உரித்த கொட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பெரியம்மா கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்துவார். தோல் விரலில் நிற்கும், பருப்பு சட்டியில் போய் விழும். பிதுக்கம் பருப்புக் குழம்பு, சூடான களி. நாங்களும் பிதுக்குவோம், பாதி தரையில் ஓடும்.

ராயக்கோட்டையில் தக்காளி ஏறுமுகமாக இருந்த காலத்தில் பெரியப்பாவுக்கும் ஆசை வந்தது. அவரைச் சால்களையும் கேழ்வரகையும் எடுத்துவிட்டு மொத்தக் கொல்லையும் தக்காளி போடலாம் என்றார். பெரியம்மா பிதுக்குவதை நிறுத்தவில்லை. "சந்தைக்கு வேணுங்கறத கெணத்தடியில நீங்க போடுங்க. சட்டிக்கு வேணுங்கறது எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. தக்காளி கிணற்றடியில் மட்டும் வந்தது. விலை விழுந்து தக்காளியைச் சாலையோரம் கொட்டிய வருஷங்களிலும் அந்த வீட்டில் களிக்கும் குழம்புக்கும் பஞ்சம் வரவில்லை.

அப்புறம் பல வருஷம் கழித்து, 'கலப்புப் பயிர் முறையைக் காத்த முன்னோடி' என்று ஒரு மேடையில் பெரியப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எந்த மேடை என்பது வேண்டாம். கலப்புப் பயிரால் என்ன பயன் என்று அங்கே ஒருவர் அழகாகவே விளக்கினார். அவரை வேர் முடிச்சில் தழைச்சத்து சேரும், துவரை ஆழ வேர் விட்டு அடி ஈரத்தை எடுக்கும், ஆமணக்கு இலைக்குப் புழு முதலில் போகும், சோளத்தட்டின்மேல் ரெட்டைவால் குருவி உட்கார்ந்து பூச்சியைப் பிடிக்கும். எல்லாம் உண்மை. ஆனால் அந்தச் சால்கள் தப்பித்தது ஒரு அடுப்பங்கரையில் என்று யாருக்கும் தெரியாது. பெரியம்மாவை யாரும் கூப்பிடவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் வேண்டுமே என்று அவரும் வரவில்லை.

தம்பி, உதவி என்று எதைச் சொல்கிறீர்கள்? அப்பா ஏர் ஓட்டினார், சரி. பின்னாலேயே நடந்து சாலில் கடலை போட்டது யார்? களை எடுத்தது யார்? கேழ்வரகுக் கதிர் ஒரே நாளில் முற்றாது. முதல் அறுப்பில் விட்ட இளங்கதிரைப் பின்னால் போய்ப் பார்த்துப் பார்த்து அறுத்தது யார்? களத்தில் நல்ல கதிராகப் பொறுக்கித் தனியே வைத்து, காயவைத்து, நொச்சி இலை போட்டுப் பானையில் கட்டி அடுத்த ஆடிக்கு எடுத்துக் கொடுத்தது யார்? விதை தவறினால் அந்த நாலு மாத மழை வீண். அதைக் கையில் வைத்திருந்தவரை 'உதவியாக இருந்தார்' என்று எழுதுகிறீர்கள். பத்து வயசுப் பையன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் அது உதவி. ஐநா சபை சொன்னால் மட்டும் குடும்ப விவசாயம், வீட்டுக்குள் வந்தால் அப்பா விவசாயமா?

போர் விஷயத்துக்கு வாருங்கள். பூமித்தாயைத் துளைக்க மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் நம்ம மாவட்டத்தில் ஆயிரம் அடி இறக்கியும் புழுதி மட்டும் பறந்த கொல்லைகள் எத்தனை! பக்கத்து வீட்டுக்காரர் கடனில் விழுந்ததை உங்கள் அப்பா பார்த்திருப்பார். போர் வண்டி ஊருக்குள் வந்த அன்றைக்கு ராத்திரி, நகையை அடகு வைக்க முடியாது என்று உங்கள் அம்மா சொல்லியிருக்கவும் கூடும். கேட்டீர்களா? கேட்டால் அப்பாவின் பெருமை குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள். வேண்டாம் என்று மனைவி சொன்னதைக் கேட்டுக்கொள்ளத் தெரிந்த ஆண்பிள்ளை ஊருக்கு ஒருவர் கிடைப்பது அபூர்வம்.

தூக்கணாங்குருவி பற்றி எழுதியது மட்டும்தான் அந்தப் பக்கங்களில் எனக்குப் பிடித்த வரி. அதையும் கருணை என்று முடித்துவிட்டீர்கள். அந்தக் குருவி மழைக்காலத்தில் கூடு கட்டும், அதாவது பயிர் பச்சையாக நிற்கும்போது. தான் தானியம் தின்னும், குஞ்சுக்கு மட்டும் புழுவும் பூச்சியும் பிடித்து வந்து ஊட்டும். எங்கிருந்து பிடித்து வரும்? உங்கள் கொல்லையிலிருந்துதான். மருந்து அடிக்காத ஒருவர் அந்தப் பனைமட்டையைக் காப்பாற்றியதில் கணக்கு இல்லை என்கிறீர்களா? கார்த்திகையில் ஓரத்துக் கதிரை விட்டது கூலி கொடுத்த மாதிரி. அன்பு இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. கூடவே கூர்மையான கண்ணும் இருந்தது. அன்பை மட்டும் எழுதினால் அவருக்கு விவரம் போதாது என்று சொல்வது போலத்தான் எனக்குப் படுகிறது.

இப்போது கேழ்வரகுக்கு மவுசு வந்திருக்கிறது. 2023இல் தருமபுரி ரேஷன் கடையிலேயே அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்லதுதான். ஆனால் அறுப்பு இயந்திரம் நுழைய வேண்டும் என்று நடுவில் இருந்த அவரைச் சால்களை எடுத்துவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். அதைப் பற்றி இன்னொரு நாள்.

முன்னுரை தர மாட்டேன். உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை. பார்க்காதவர் எழுதினால் மறுபடியும் சிகரம், மைந்தர் என்றுதான் வரும். அடுத்த தரம் பெங்களூரிலிருந்து பஸ் ஏறும்போது மடிக்கணினியை அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். அம்மா கடலை உடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் உடையுங்கள். அவர் கை வேலையில் இருந்தால்தான் பேச்சு வரும். "அப்பாவைப் பத்திச் சொல்லும்மா" என்று ஆரம்பிக்காதீர்கள், அழுதுவிடுவார். எந்த வருஷம் எந்தத் துண்டில் என்ன போட்டீங்க என்று கேளுங்கள். அவர் சொல்கிறபடியே எழுதி அனுப்புங்கள், பிழை திருத்திக் கொடுக்கிறேன். அம்மாவின் பேரையும் அட்டையிலேயே போடுங்கள்.

அப்புறம் அந்த மயில். கடலை போட்டவர் நினைவு மலரில் மயிலா? விதைத்த அன்றைக்கே வந்து கிளறிவிட்டுப் போகிற ஜென்மம் அது. அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டி, போடலாமா என்று முதலில் கேளுங்கள்.