எங்கள் பகுதி வழியாக மேம்பாலம் வரப்போகிறது. குடியிருப்பவர்கள் சேர்ந்தால் தடுக்க முடியுமா?

முடியும். பெங்களூரில் ஒருமுறை நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

2016 செப்டம்பர் கடைசியில் கர்நாடக அமைச்சரவை ஓர் எஃகு மேம்பாலத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை, விமான நிலையம் போகிறவர்களுக்காக 6.7 கிலோமீட்டர். செலவு 1,791 கோடி ரூபாய். வெட்ட வேண்டிய மரங்கள் 812. எங்களை உலுக்கியது இந்த 812 தான். கோடிக் கணக்கெல்லாம் மனதில் நிற்காது. தினமும் எந்த மரத்து நிழலில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோமோ அதுவே போய்விடும் என்றால் யாருக்கும் சுருக்கென்று தைக்கும்.

அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை காலையில் மனிதச் சங்கிலி. நான் காவேரி தியேட்டர் பக்கம் நின்றேன். ஒரு பக்கம் கன்னடம் பேசும் பெரியவர், மறுபக்கம் பள்ளிக்கூடம் போகும் மகளோடு வந்த ஓர் அம்மா. முன்பின் தெரியாதவர்கள்தான், ஆனால் எல்லோருக்கும் ஒரே வார்த்தை: ‘பேடா’. வேண்டாம் என்று அர்த்தம். அந்தக் காலையை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் கைகோத்து நின்றது மட்டும் போதவில்லை. சிலர் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய், சுற்றுச்சூழல் அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார்கள். அந்த மாதக் கடைசியிலேயே இடைக்காலத் தடை கிடைத்தது. அதில் கிடைத்த அவகாசம்தான் பெரிது. அதற்குள் ஊர் முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டது. அப்புறம் லஞ்சக் குற்றச்சாட்டுகளும் கிளம்பின. 2017 மார்ச்சில் அரசே திட்டத்தைக் கைவிட்டது. முழுக்க எங்களால்தான் என்று சொன்னால் அது பொய். நாங்கள் சும்மா இருந்திருந்தால் மார்ச்சுக்குள் பாதி மரம் விழுந்திருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘பேடா’ சொன்னவர்களே 2016 டிசம்பரில் ‘சுக்கு புக்கு பேக்கு’ என்று புறநகர் ரயில் கேட்டு இறங்கினார்கள். பேக்கு என்றால் வேண்டும். வளர்ச்சிக்கு எதிரிகள் என்ற பேச்சுக்கு அதுவே பதிலாக இருந்தது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: இந்த வாரமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, திட்ட அறிக்கையையும் பாதை வரைபடத்தையும் வாங்குங்கள். வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துத் தெருமுனை டீக்கடையில் ஒட்டுங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் கடைக்காரர்களையும் முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். டெண்டர் விடும்வரை காத்திருக்காதீர்கள்.