சில்லறையைக் கையில் கொடுக்காதவர்கள்

அன்புள்ள ஆன்ட்டி,

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு வரவேற்பறையில் ரோபோ நிறுத்தியிருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் வந்த வெள்ளைக்காரக் குடும்பத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, கையை விரித்துப் பேசியது. அம்மா போய் நின்றபோது அவர்கள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. “கேமரா கோளாறும்மா” என்றேன். “எனக்குப் பழக்கந்தான்” என்றார். இதை இனவெறி என்று சொல்லலாமா? ரோபோவின் நிறத்தை மாற்றினால் சரியாகுமா? நான் பொறியியல் கடைசி வருடம். இதையே ஆய்வாக எடுக்கலாமா?

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள மகளே,

நிறம் மாற்றும் யோசனையைத் தூக்கிப் போடு. 2018இல் ஓர் ஆய்வில், நாவோ என்ற மனித உருவ ரோபோவின் படத்தையே கறுப்பாகவும் வெள்ளையாகவும் மாற்றிக் காட்டி, அதன் கையில் துப்பாக்கி இருந்தால் பொத்தானை அழுத்திச் சுடச் சொன்னார்கள். கறுப்பு மனிதரைக் கண்டால் விரலுக்கு வரும் அவசரம் கறுப்பு ரோபோவைக் கண்டும் வந்தது.

கேமராவை நான் மறுக்கவில்லை. அதே வருடம் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளுத்த தோல் ஆண்களிடம் பிழை 1 சதவீதத்தைத் தாண்டவில்லை. கறுத்த தோல் பெண்களிடம் ஒன்றில் 34.7 சதவீதம். அதுபோல முகமே கேமராவுக்கு அகப்படாவிட்டால் ரோபோவின் கழுத்து திரும்பாது. சரி. அதற்காக, “பழக்கந்தான்” என்கிற அம்மாவிடமா கேமரா பாடம் நடத்துவாய்? அறிவு வேண்டாமா?

என் பாட்டியோடு, ஆயா என்போம், சின்ன வயதில் ஓர் ஆபீசுக்குப் பணம் கட்டப் போவேன். வெள்ளையர்களுக்குத் தனிக் கவுன்ட்டர் இருந்த காலம். யார் எங்கே நிற்கவேண்டும் என்பதற்கு 1953ஆம் வருடச் சட்டம் இருந்தது. ஆனால் சில்லறையைக் கையில் கொடுக்காதே என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அந்தக் குமாஸ்தா அதைத் தானாகவே செய்தார். ஆயா கையை நீட்டியபடி நிற்க, காசை மரப்பலகையில் வைத்துத் தள்ளுவார். பலகையோடு ஒட்டிக்கிடக்கும் காசை ஆயா நகத்தால் நெம்பி எடுப்பார். ஒரு வார்த்தை திட்டியதில்லை அந்த மனிதர். கேட்டால், “நான் என்ன சொன்னேன்?” என்றிருப்பார்.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவள். நிறுத்த முடியாது. டர்பனுக்குப் பக்கத்தில் வெருலமில் மாமாவுக்குக் கடை இருந்தது. விடுமுறையில் கல்லாவில் உட்காருவேன். இந்த ஊர் ஆப்பிரிக்கர்களான ஸூலு இனத்து ஆயாக்கள் வலது கையை நீட்டி, இடது கையால் அதன் முழங்கைப் பக்கம் தாங்கி, கண்ணைத் தாழ்த்தி வாங்குவார்கள். ஹ்லோனிபா என்பார்கள், மரியாதை. மாமா காசைப் பலகையில் வைப்பார். பன்னிரண்டு வயதில் நானும் வைத்தேன். மாமா சொல்லித்தரவில்லை, நான் பார்த்தேன், அவ்வளவுதான். என் ஆயாவின் நகம் அப்போது ஏன் ஞாபகம் வரவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

ரோபோவும் அப்படித்தான் பழகுகிறது. கொரியாவில் ஒரு குழு டெட் (TED) மேடைப் பேச்சு வீடியோக்களைக் கொண்டு நாவோவுக்குக் கையசைக்கக் கற்றுக்கொடுத்தது. அந்த மேடையில் கண்ணைத் தாழ்த்தி நிற்கிறவர் யார்? கண்ணைப் பார்ப்பவரே கவனிக்கிறவர் என்று கணக்குப் போடும் ரோபோ, அந்த ஸூலு ஆயாவுக்குப் பேச விருப்பமில்லை என்று அடுத்த ஆளிடம் திரும்பிவிடும். யாரும் அதற்குக் கெட்ட வார்த்தை சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எத்தனை அடி தள்ளி நிற்கிறது, யாருக்காகக் குனிகிறது, எத்தனை நொடி காக்கவைக்கிறது, அதையெல்லாம் பார். பேச்சைத் திருத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கழுத்தை யார் பார்க்கிறார்கள்?

என்னவோ கேட்டாயே, ஆய்வா? எடு, எடு.

ஒன்று மட்டும் நீ எழுதவில்லை. ரோபோ திரும்பாதபோது அம்மா என்ன செய்தார்? இன்னும் கிட்டே போனாரா, முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாரா? கேட்டு எழுது.

அன்புடன்,
ஆன்ட்டி