நூல்காரரின் காலர் டியூனும் அப்பாவின் பாட்டும்

கேள்வி: எனக்கு வயது 41. ஈரோட்டில் ஒரு ஜவுளி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். அப்பா தையல்காரர், கடையில் நாள் முழுக்க ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பட்டன் கட்டிக்கொண்டே நானும் கேட்பேன். ஒரு டூயட் வந்தால் மட்டும் அப்பா மிஷினை மிதிக்கிற வேகமும் பாட்டின் தாளமும் ஒன்றாகிவிடும். போன ஆவணியில் அவர் தவறிவிட்டார். சாவு வீட்டில் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ரெண்டு மாசம் கழித்து ஷேர் ஆட்டோவில் அந்த டூயட் வந்தது, பாட ஆரம்பிக்கும் முன்பே, அந்த மியூசிக்கிலேயே உடைந்துவிட்டேன். இத்தனைக்கும் அது ஜாலியான பாட்டு. அன்றிலிருந்து பஸ், டீக்கடை, கல்யாண மண்டபம், எங்கே கேட்டாலும் இதே கதை. வீட்டுக்காரர் "பாட்டுக்கெல்லாமா அழுவாங்க" என்கிறார். கொடுமை என்னவென்றால், எங்களுக்கு நூல் அனுப்புகிறவரின் காலர் டியூனும் அதே பாட்டுதான். முதலில் கேட்டவுடன் போனை வைத்துவிடுவேன், இப்போது ஒன்றும் ஆவதில்லை. அதுவும் பயமாக இருக்கிறது, அப்பாவை மறந்துகொண்டு வருகிறேனோ? டியூனை மாற்றச் சொல்லி அவரிடம் கேட்கலாமா? வருகிற வருஷத் திதியில் அப்பாவுக்குப் பிடித்த பாட்டுகளை ஸ்பீக்கரில் போடப் போவதாக அண்ணன் சொல்கிறார். விடுவதா, தடுப்பதா?
(பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: பாட்டின் பெயரை எழுதியிருந்தீர்கள், எடுத்துவிட்டேன். போட்டால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் யார் இசை, படம் எத்தனை நாள் ஓடியது என்று பேசப் போய்விடுவார்கள்.

முதலில் அந்தச் சாவு வீட்டு விஷயம். அழாததை ஏதோ தப்புச் செய்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்லியாச்சா, ஊர்க்காரர்களுக்குப் போன் போட்டாச்சா, வந்தவர்களுக்குக் காபி போதுமா என்று ஓடுகிற பெண்ணுக்கு அழ எங்கே நேரம்? எங்கள் அப்பத்தா சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒப்பாரிக்குப் பேர் போனவள். சாவு விழுந்த தெருமுனையிலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டுக் குரலெடுப்பாள், உள்ளே போய்ப் பெண்களோடு வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் கட்டிக்கொண்டு பாடுவாள், நடுவில் முந்தானையால் மூக்கைத் துடைத்து "வெத்தல இருக்காடி" என்று கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, விட்ட அடியிலிருந்து அப்படியே தொடருவாள். சின்ன வயதில் எனக்கு அது சுத்த நடிப்பாகத் தெரிந்தது. பிறகு ஒரு நாள் வார்த்தைகளைக் கவனித்துக் கேட்டேன். செத்துக் கிடந்தவர் தூரத்து உறவில் ஒரு கிழவர். அப்பத்தா பாடிக்கொண்டிருந்ததோ, மூன்று வயதில் போய்விட்ட தன் மூத்த பிள்ளையைப் பற்றி. பக்கத்தில் இருந்தவள் அவள் அம்மாவைப் பாடினாள். ராகம் எல்லோருக்கும் ஒன்றுதான், அழுகிற ஆள்தான் வேறு. நாற்பது வருஷத்துக்கு முந்தின துக்கத்தை எடுத்து அழ அவர்களுக்கு ஒரு இடமும் ஒரு மெட்டும் இருந்தன. இப்போது டவுன் வீடுகளில் ஒப்பாரி கிடையாது, பக்கத்து ஃபிளாட்டுக்குத் தொந்தரவு என்று நாமே வாயை மூடிக்கொள்கிறோம். உங்களுக்கு அந்த இடம் ரெண்டு மாசம் கழித்து ஷேர் ஆட்டோவில் கிடைத்திருக்கிறது.

சரி, ஜாலியான டூயட்டுக்கு ஏன் அழுகை? இதை யோசித்து ஒருத்தர் 250 வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார். சுவிட்சர்லாந்து மலைகளில் மாடு மேய்க்கிறவர்கள் மாடுகளைக் கூப்பிட ஒரு மெட்டு வைத்திருந்தார்கள். அந்த ஊர் இளைஞர்கள் பிழைப்புக்காக வெளிநாட்டுப் படைகளில் கூலிச் சிப்பாய்களாகப் போவார்கள். அவர்கள் காதில் அந்த மெட்டு விழுந்தால் அழுவார்கள், படையை விட்டு ஓடுவார்கள், ஏங்கிச் செத்தும் போவார்கள், அதனால் படைக்குள் அதை வாசித்தால் மரண தண்டனை என்றே வைத்திருந்தார்கள் என்று ரூசோ என்கிற தத்துவவாதி 1768-இல் வந்த தன் இசை அகராதியில் எழுதியிருக்கிறார். தண்டனைக் கதை எவ்வளவு தூரம் நிஜமோ, அதை விடுங்கள். அதற்கு அடுத்து அவர் சொல்வதுதான் உங்களுக்கானது. அந்த மெட்டைக் குடைந்து பார்த்தால் அதில் அப்படி ஒன்றும் கிடையாது, வேற்று ஊர்க்காரன் கேட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது, அங்கே வேலை செய்வது இசை இல்லை, ஞாபகம் என்கிறார். உங்கள் டூயட்டும் அப்படித்தான். பாட்டில் சோகம் இல்லை. பெடல் சத்தம் இருக்கிறது, கையில் பட்டனும் ஊசியுமாக உட்கார்ந்திருக்கிற ஒரு சின்னப் பெண் இருக்கிறாள்.

பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே உடைகிறீர்களே, அதற்கும் ஒரு விளக்கம் உண்டு. கனடாவில் மான்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆட்களைத் தங்களுக்குச் சிலிர்ப்பு தருகிற இசையைத் தாங்களே கொண்டுவரச் சொல்லி, கேட்கும்போது மூளையைப் படம் எடுத்தார்கள். சந்தோஷத்தோடு சம்பந்தப்பட்ட டோபமைன் என்கிற மூளை ரசாயனம் சிலிர்க்கிற நொடியில் மட்டுமில்லாமல் அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கிற நொடிகளிலும் சுரந்தது, மூளையின் வேறொரு பகுதியில். தெரிந்த பாட்டில் நாம் எப்போதும் ஒரு அடி முன்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம். அந்த ஆய்வு சந்தோஷத்தைப் பற்றியது, உங்களுடையது அழுகை ஆயிற்றே என்று கேட்பீர்கள். அழுது முடித்தபின் மனசு லேசாக இருந்ததா இல்லையா? கடிதத்தின் கடைசி மூலையில் "இறங்கினதும் நன்றாகத்தான் இருந்தது" என்று நீங்களே கிறுக்கியிருக்கிறீர்கள்.

வீட்டுக்காரரைத் திட்ட மாட்டேன். இசையால் எந்தக் கிளர்ச்சியும் வராத மனிதர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். பார்சிலோனாவில் 2014-இல் அப்படிப்பட்டவர்களைச் சோதித்தார்கள். இது சோகமான இசை, இது சந்தோஷமான இசை என்று சரியாகவே சொன்னார்கள், ஆனால் உடம்பில் ஒரு அசைவும் இல்லை. அதே ஆட்களுக்குப் பணம் ஜெயிக்கிற விளையாட்டைக் கொடுத்தால் எல்லோரையும் போலப் படபடப்பு வந்துவிட்டது. உங்கள் கணவர் அந்த ரகமா தெரியாது, சாதாரணமாக அசட்டையாகச் சொன்னதாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் "பாட்டுக்காக அழவில்லை, அப்பா கடைக்காக அழுகிறேன்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அது புரியும்.

இனி அந்த நூல்காரர். உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் அவர்தான், தனக்கே தெரியாமல் ஒரு சோதனையை நடத்திக் காட்டியிருக்கிறார். ஒரு பாட்டு ஏன் அப்படியே ஒரு காலத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது? நடுவில் அதை நாம் அதிகம் கேட்கவில்லை, அதனால். ஊறுகாய் ஜாடியைத் திறக்காமல் வைத்த மாதிரி. தினமும் திறந்து, சமைக்கும்போது ஒரு தடவை, நடக்கப் போகும்போது ஒரு தடவை என்று கேட்டால் அது சமையல் பாட்டாகவும் வாக்கிங் பாட்டாகவும் ஆகிவிடும். நீங்கள் தினம் நாலு தடவை அந்த மியூசிக்கை "லோடு கிளம்பியாச்சா, பில் அனுப்புங்க" என்பதோடு சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள், போனில் அது நூல்காரர் பாட்டாக மாறிவிட்டது. அப்பாவை மறந்ததாக இதற்கு அர்த்தமே இல்லை. ஷேர் ஆட்டோவில் இன்னமும் அழுகை வருகிறதே!

இதைத் தெரிந்துகொண்டால் ரெண்டு வழியும் உங்கள் கையில்தான். வெளியிடத்தில் அழுவது நிஜமாகவே சங்கடம், இதன் கூர் மழுங்கினால் போதும் என்றால், பாட்டை வீட்டில் வேலை செய்துகொண்டே திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள், சில வாரத்தில் வெறும் பாட்டாகிவிடும். அப்படி ஆகவே கூடாது என்றால் தேடிப்போய்க் கேட்காதீர்கள், ரிங்டோன் ஸ்டேட்டஸ் எதிலும் வைக்காதீர்கள், தானாக வரும்போது வரட்டும். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஷேர் ஆட்டோவில் ஒரு பெண் அழுதால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். ரொம்ப முடியவில்லை என்றால் "அண்ணா, சவுண்டைக் கொஞ்சம் குறைங்க" என்றால் போதும்.

திதிக்கு அண்ணன் பாட்டுப் போடட்டும், தடுக்காதீர்கள். ஆனால் அந்த ஒரு பாட்டை மட்டும் பந்தி நடக்கும்போது, "சாம்பார் இந்தப் பக்கம்" என்கிற கூச்சலுக்கு நடுவில் ஓடவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் என்றும் சொல்லுங்கள், அவருக்கு இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. ஒரே கடையில் வளர்ந்திருந்தாலும் அவருடைய அப்பா பாட்டு வேறொன்றாக இருக்கும், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாயந்திரம் எல்லோரும் கிளம்பின பிறகு, பாத்திரம் கழுவின ஈரத்தோடு வீட்டு ஆட்கள் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து ரெண்டையும் ஒரு தடவை போடுங்கள். போன ஆவணியில் பாக்கி வைத்த அழுகையை அங்கே அழுதுகொள்ளலாம்.

சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் ஒழுங்காகப் போவதாக எழுதியிருப்பதால் நான் பயப்படவில்லை. அது மாறினால், நாள் கணக்கில் எழுந்திருக்கவே பிடிக்காமல் போனால், 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் அது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

நூல்காரரிடம் டியூனை மாற்றச் சொல்வதா? தாராளமாகக் கேளுங்கள், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அடுத்து என்ன பாட்டு வைக்கப் போகிறார் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அவர் ரசனையைப் பார்த்தால் அதுவும் உங்கள் அப்பா ரேடியோவில் கேட்ட பாட்டாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.