அவிச்ச முட்டை எத்தனை நாள் தாங்கும்?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் இருந்தே பீடி சுற்றுகிறேன். காலையில் நேரம் கிடைக்காததால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே பத்துப் பன்னிரண்டு முட்டையை அவித்து, ஓட்டை உரித்து, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். தினமும் ஒன்றை என் மகனுக்கு (வயது 8) மதியச் சாப்பாட்டோடு வைத்து அனுப்புவேன். போன வாரம் புதன்கிழமை, பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் அவனுக்கு நாலைந்து தடவை வாந்தி. காய்ச்சல் இல்லை. ராத்திரிக்குள் சரியாகிவிட்டது. அதே டப்பாவிலிருந்து காலையில் ஒரு முட்டை சாப்பிட்ட என் மாமனாருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமியார், ‘மஞ்சக்கருவைச் சுத்திப் பச்சை பாய்ஞ்சிருந்தது, அதுதான் விஷம்’ என்கிறார். முட்டையை எத்தனை நிமிடம் அவிக்க வேண்டும்? எத்தனை நாள் வைக்கலாம்? அந்த வாரம் எனக்குப் பெருவிரலில் நகச்சுற்று. எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு, உரிக்கும்போது மட்டும் கழற்றி வைத்தேன். அவசரத்தில் சரியாக அவிக்காமல் விட்டேனோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பதில்: வணக்கம் தங்கச்சி. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் அவிக்காமல் விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை ஓடியிருந்தது என்கிறீர்களே, அது முட்டை தேவைக்கு மேலேயே வெந்ததற்கு அடையாளம். என் கண் போய் நின்றது உங்கள் பெருவிரலில்.

நகச்சுற்று என்பது நகத்தின் ஓரத்துச் சதையில் சீழ் பிடிப்பது. அந்தச் சீழில் பெரும்பாலும் இருப்பது ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி. நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவர்களின் மூக்கிலும் தோலிலும்கூட இது இருக்கும். புண்ணில் இருக்கும்போது எண்ணிக்கை பல மடங்கு. அவிக்கும்போது முட்டைக்குள் இருந்த கிருமியெல்லாம் செத்துப்போகிறது. அப்புறம் சீழ் வைத்த விரலால் உரிக்கும்போது, ஈரமாக, வழுவழுவென்று இருக்கும் வெள்ளைக்கருவின் மேல் புதிதாகக் கிருமி ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கிருமிக்கு முட்டை நல்ல தீனி.

அப்படியென்றால் மாமாவுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அவர் குளிர்ந்த முட்டையை எடுத்த கையோடு சாப்பிட்டுவிட்டார். நன்றாகக் குளிரும் ஃபிரிட்ஜுக்குள் இந்தக் கிருமி பெருகுவதில்லை, முடங்கிக் கிடக்கும். உங்கள் மகனின் முட்டை காலை 7 மணிக்கு டப்பாவுக்குள் சூடான சோற்றின் பக்கத்தில் போயிருக்கும். அவன் சாப்பிட்டது 12.30 என்று வைத்துக்கொள்வோம். வாட்டமான சூட்டில் கிருமி சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ஐந்தரை மணி நேரத்தில் 16 தடவை. ஒரே ஒரு கிருமி 65,536 ஆகிவிடும். விரலிலிருந்து ஒட்டியது ஒன்றிரண்டா இருந்திருக்கும்?

பெருகிய கிருமி உணவிலேயே ஒரு நஞ்சைக் கக்கி வைக்கும். அந்த நஞ்சுதான் வாந்தியைக் கொண்டுவருகிறது. சாப்பிட்டு 1 மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் திடீரென்று வாந்தி, காய்ச்சல் இல்லை, ஒரே நாளில் தெளிந்துவிட்டது என்றால் அது இந்த நஞ்சின் போக்குதான். முட்டையில் வழக்கமாக நாம் பயப்படும் சால்மோனெல்லா கிருமி இப்படிச் செய்யாது. அதற்குப் பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். சில பேருக்கு நாள்கணக்கில் ஆகும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வரும். மீந்த முட்டையைச் சோதித்துப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் கதை பொருந்துகிறது. இன்னொன்று, இந்த நஞ்சு சூட்டுக்கு அடங்காது. உரித்த முட்டையைக் குழம்பில் போட்டு மறுபடி கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். ‘சூடு பண்ணிட்டேன், இனி பயமில்லை’ என்ற எண்ணம் இந்த ஓர் இடத்தில் நம்மைக் கைவிட்டுவிடும்.

இனி அந்தப் பச்சை வளையம். மஞ்சள் கருவில் இரும்புச்சத்து இருக்கிறது, வெள்ளைக்கருவில் கந்தகம் இருக்கிறது. அதிக நேரம் வெந்தால் இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் சேர்ந்து பச்சைச் சாம்பல் நிறம் பிடிக்கும். அது விஷமில்லை, சாப்பிடலாம். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பேரனைப் பற்றிய கவலையில் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார், பாவம்.

எத்தனை நிமிடம் என்ற கேள்விக்கு வருகிறேன். முட்டைக்கு மேல் இரண்டு விரல் நிற்கிற அளவு தண்ணீர் விட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததும் தீயைத் தணித்து 10 முதல் 12 நிமிடம். சின்ன நாட்டுக்கோழி முட்டைக்கு 9 நிமிடம் போதும். மஞ்சள் கரு ஈரமில்லாமல் முழுக்கக் கெட்டிப்பட்டுவிட்டால் சால்மோனெல்லா செத்துவிட்டது என்று நம்பலாம். இட்லிக் கொப்பரையில் தட்டின் மேல் அடுக்கி 12 நிமிடம் ஆவியில் அவித்தாலும் நன்றாக வரும், ஓடும் லேசாகக் கழன்று வரும். உலையில் அரிசியோடு முட்டையைப் போடுகிறவர்கள் உண்டு. எச்சம் ஒட்டிய ஓட்டோடு போட்டால் அந்த அழுக்கெல்லாம் சோற்றுக்குள் போகும். தனியாக அவியுங்கள். முட்டையைக் கழுவுவது என்றால் அவிக்கப்போகும் நேரத்தில் கழுவுங்கள். வாங்கி வந்த உடனே கழுவி அடுக்காதீர்கள், ஓட்டின் மேல் இருக்கும் இயற்கையான பூச்சு போய்விடும்.

அவித்து இறக்கிய பிறகு செய்கிற ஒரு காரியத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதே இல்லை. முட்டையை எந்தத் தண்ணீரில் ஆறவைக்கிறோம்? வெந்நீரில் முட்டையை இறக்கும்போது கவனித்துப் பாருங்கள். மழுங்கிய பக்கத்திலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் நூல் பிடித்தமாதிரி மேலே வரும். உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து, ஓட்டின் நுண்துளைகள் வழியாக வெளியேறுகிறது. ஒரு முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கில் துளைகள். ஆறும்போது இதே காரியம் தலைகீழாக நடக்கும். உள்ளே மிஞ்சிய காற்று சுருங்கும், முட்டை வெளித் தண்ணீரைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். ஓட்டின் பூச்சும் கொதியில் போயிருக்கும். அந்த நேரத்தில் குளிக்கிற வாளித் தண்ணீரிலோ, கொல்லைத் தொட்டித் தண்ணீரிலோ போட்டால், கிருமியை நாமே உள்ளே அனுப்பிவைத்ததாக ஆகும். ஆத்துத் தண்ணி என்றால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. எனக்கும் தாமிரபரணித் தண்ணீரின் ருசி நாக்கில் உண்டு. ஆனாலும் காய்ச்சாத ஆற்றுத் தண்ணீர் இதற்கு வேண்டாம். நீங்கள் குடிக்கிற, காய்ச்சி ஆறிய தண்ணீரில் போடுங்கள். ஐஸ் இருந்தால் குடிதண்ணீரில் உறையவைத்த கட்டி நாலைப் போடுங்கள். சீக்கிரம் குளிரும், பச்சை வளையமும் விழாது. ஆறியதும் சுத்தமான துணியால் துடைத்து உள்ளே வைத்துவிடலாம்.

ஓட்டோடு வைத்தால் ஃபிரிட்ஜில் 7 நாள் தாங்கும். உள்ளே 4 டிகிரி செல்சியஸ் பக்கம் குளிர் நிற்கவேண்டும் என்பது கணக்கு. நம் ஊரில் கரண்டு போய்ப்போய் வருகிற நாள்களில் நான் 4 நாளுக்கு மேல் வைக்கச் சொல்லமாட்டேன். கதவில் இருக்கும் முட்டைக் குழியில் வைக்காதீர்கள், கதவைத் திறக்கத் திறக்க வெக்கை படும். உள்தட்டில், மூடிய டப்பாவில் வையுங்கள். பென்சிலால் ஓட்டின் மேல் அவித்த தேதியை எழுதிவிடுங்கள், பச்சை முட்டையோடு குழம்பாது. மறந்துவிட்டால் தரையில் சுற்றிவிட்டுப் பாருங்கள். அவித்தது பம்பரம் மாதிரிச் சுற்றும், பச்சை முட்டை தள்ளாடும். அவிக்கும்போது வெடித்ததை எடுத்துவைக்காமல் அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

உரிப்பதைச் சாப்பிடும்போதுதான் செய்யவேண்டும். உரித்து மீந்தால் மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். பிசுபிசுவென்று வழுக்கினாலோ கெட்ட வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டுங்கள். வாடை இல்லை என்பதால் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகன் சாப்பிட்ட முட்டையிலும் வாடை இருந்திருக்காது.

ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளிலிருந்தும் இதைப் படிப்பார்கள். அவித்த முட்டை வெளியே 2 மணி நேரம்தான். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் 1 மணி நேரம். பங்குனியிலிருந்து நமக்கு அநேகமாக எல்லா நாளும் அப்படித்தானே. அவித்ததை அப்போதே சாப்பிட்டு முடிக்க வேண்டியதுதான். பச்சை முட்டையாகவே நிழலான இடத்தில் வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அவியுங்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் பள்ளிக்கூட டப்பாவில் முட்டை வைப்பதே பொருந்தாது என்று உங்களுக்கே தெரியும். நான் சொல்வது இதுதான்: முட்டையைக் காலைச் சாப்பாட்டோடு கொடுத்துவிடுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. அதை மதியம்தான் சாப்பிடவேண்டும் என்று கட்டாயமில்லை. மதியத்துக்கு வேர்க்கடலையோ சுண்டலோ வையுங்கள். அவன் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தால் சத்துணவில் வாரம் 5 நாள் முட்டை உண்டு. அங்கே காலையில் அவித்ததை அன்று மதியமே பிள்ளைகள் சாப்பிட்டுவிடுகிறார்கள், மூன்று நாள் பழையது கிடையாது. அதைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

இவ்வளவு படித்துவிட்டு, அவிச்ச முட்டையே வம்பு என்று யாரும் பச்சை முட்டைக்குப் போய்விடக்கூடாது. நான் பெரியவளானபோது ஆச்சி தினம் காலையில் நாட்டுக்கோழி முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, அதன் மேல் ஓட்டாலேயே நல்லெண்ணெயை மொண்டு ஊற்றுவார். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினது இன்னும் தொண்டையில் நிற்கிறது. ஆச்சியின் அன்பில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பச்சை முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேர்கிறது. வெந்த முட்டையில் பத்தில் ஒன்பது பங்கு சேர்கிறது. சால்மோனெல்லா பயம் வேறு. நாட்டுக்கோழி முட்டைக்கும் அந்தப் பயம் உண்டு. வீட்டில் பெண்பிள்ளை பெரியவளானால் உளுந்தங்களி கொடுங்கள், நல்லெண்ணெய் ஊற்றியே கொடுங்கள். முட்டையை மட்டும் அவித்துக் கொடுங்கள். கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், வயதானவர்கள் ஆஃப்பாயிலும் தவிர்ப்பது நல்லது.

மறுபடி இப்படி வாந்தி வந்தால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை முழுதாக 1 லிட்டர் குடிதண்ணீரில் கரைத்து, ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகக் கொடுங்கள். டம்ளரோடு கொடுத்தால் அப்படியே திரும்பி வரும். காய்ச்சல், மலத்தில் ரத்தம், கொடுத்தது எதுவும் நிற்காத வாந்தி, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, பிள்ளை துவண்டு கண் சொருகுவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோய்விடுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்கவேண்டாம்.

கடைசியாக அந்த விரல். எலுமிச்சம்பழம் குளிர்ச்சியாக இருந்து வலியைக் கொஞ்சம் மறக்கச் செய்யலாம், சீழை வெளியே எடுக்காது. நாள் முழுக்க இலையும் தூளும் படுகிற கை உங்களுக்கு. நகத்தோரம் இன்னும் வீங்கியிருந்தாலோ, தொட்டால் விண்விண்ணென்று தெறித்தாலோ, இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். சின்னதாகக் கீறிச் சீழை எடுத்துவிட்டால் அன்றைக்கே வலி குறையும். சர்க்கரை வியாதி இருக்கிறதா என்றும் ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள். இருந்தால் இப்படிப்பட்ட புண் திரும்பத் திரும்ப வரும். ஆறும்வரை உரிக்கிற வேலை, சோறு பிசைகிற வேலை எல்லாம் வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். ஆள் இல்லையென்றால் புண்ணை மூடிக் கட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முட்டை உரிக்க உங்கள் மகனுக்கே கற்றுக்கொடுக்கலாம். 8 வயதுப் பிள்ளை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு அழகாக உரித்துவிடுவான்.