ஒசாகா அண்ணிக்கு ஒரு பனையோலைப் பெட்டி

கேள்வி: என் அண்ணாவுக்கு வரும் தை மாதம் மெல்பேர்ணில் கலியாணம். பெண் ஜப்பானில், ஒசாகாவில் பிறந்தவர். நாங்கள் குடும்பமாகப் போகிறோம். அண்ணிக்கு என் கையால் ஏதாவது செய்து கொடுக்க ஆசை. எனக்குத் தையலும் கொஞ்சம் எம்பிராய்டரியும் தெரியும். அம்மம்மா இன்னும் பனையோலைப் பெட்டி இழைப்பா. ஆனால் இணையத்தில் தேடினால் நாலு கொடுக்கக் கூடாது, வெள்ளை கூடாது, கத்தி கூடாது என்று ஒரே பயமுறுத்தலாக இருக்கிறது. அம்மாவோ, "பேசாமல் ஒரு குத்துவிளக்கு வாங்கிக் கொடு" என்கிறா. அண்ணியைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது, வீடியோவில் இரண்டு மூன்று தரம் கதைத்ததோடு சரி. தினமும் மத்தியானச் சாப்பாட்டை ஒரு துணியில் வடிவாகக் கட்டி வேலைக்குக் கொண்டுபோவாராம், அண்ணா சொன்னார். நான் என்ன செய்து கொடுக்கலாம்?
ஒரு வாசகி, மானிப்பாய்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணியைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அவர் தினமும் சாப்பாட்டைத் துணியில் கட்டிக்கொண்டு போகிறவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் கிட்டத்தட்டப் பன்னிரண்டு கோடி ஜப்பானியர் எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டவை. இந்த ஒரு வரி உங்கள் அண்ணிக்கு மட்டும் உரியது. ஒரு பொருளை எப்படிக் கொடுக்கலாம் என்பதை வழக்கங்கள் சொல்லித்தரும். எதைக் கொடுக்கலாம் என்பதை ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் அந்தத் துணியில் இருந்தே தொடங்குவோம்.

அந்தச் சதுரத் துணிக்கு ஜப்பானில் ஃபுரோஷிக்கி என்று பெயர். சாப்பாட்டுப் பெட்டி, புத்தகம், போத்தல், பரிசுப்பொருள் என்று எதையும் அதில் வைத்து முடிந்துகொண்டு போவார்கள். பிளாஸ்டிக் பை வந்த பிறகு அதன் பாவனை குறைந்தது. 2006இல் அந்த நாட்டின் சுற்றாடல் அமைச்சராக இருந்த யுரிகோ கொய்கே, பழைய பிளாஸ்டிக் போத்தல்களில் இருந்து எடுத்த நூலால் செய்த ஃபுரோஷிக்கி ஒன்றை அறிமுகப்படுத்தி, பைகளை விட்டு மறுபடி துணிக்கு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். உங்கள் அண்ணி யாரும் சொல்லாமலே, அதுவும் மெல்பேர்ணில் இருந்துகொண்டு, அந்தப் பழக்கத்தைக் காப்பாற்றுகிறார். ஒருவரைப் பற்றி இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

அங்கே துணி செய்த வேலையை இங்கே ஓலை செய்தது. பனங்கட்டிக்குக் குட்டான், சந்தைக்குக் கடகம், பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி, வெற்றிலைக்கும் சில்லறைக் காசுக்கும் கொட்டப்பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று வைத்திருந்தோம். ஆகவே அம்மம்மாவின் ஓலையும் உங்கள் ஊசியும் சேர்ந்த ஒரு பரிசைச் சொல்கிறேன். அண்ணியின் சாப்பாட்டுப் பெட்டி உள்ளே அடங்கக்கூடிய, மூடி போட்ட ஒரு பனையோலைப் பெட்டி. அதைச் சுற்றிக் கட்ட, நீங்கள் தைத்த ஒரு சதுரத் துணி. வேலைக்குக் கொண்டுபோக விருப்பமில்லை என்றால் நூலோ கடிதமோ போட்டு வைப்பதற்கு வீட்டில் இருக்கட்டும். துணி எப்படியும் தினமும் அவர் கையில் இருக்கும்.

அண்ணாவிடம் சொல்லி அந்தச் சாப்பாட்டுப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். அண்ணிக்குத் தெரிய வேண்டாம். ஓலைப்பெட்டியின் மூலைகள் கொஞ்சம் வளைந்துதான் வரும், அளவுக்கு அளவாக இழைத்தால் சாப்பாட்டுப் பெட்டி உள்ளே போகாது. எல்லாப் பக்கமும் ஒரு விரலகலம் கூட வையுங்கள். ஓலை குருத்தோலையாக இருக்கட்டும். சார்வோலை கடகத்துக்குச் சரி, இதற்கு முரடு. ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, இழைக்கும்போது இலேசான ஈரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மம்மாவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லத் தேவையில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்து பழக வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்தில் அழகான பெட்டிகள் வாங்கலாம், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிற பலரும் அங்கேதான் வாங்குகிறார்கள். ஆனால் வீட்டில் இழைக்கத் தெரிந்த ஒருவர் இருக்கும்போது நீங்கள் கடைக்குப் போக வேண்டாம். ஒசாகாவில் இருந்து வந்தவருக்கு, தான் கலியாணம் செய்த குடும்பத்தின் மூத்த பெண் இழைத்த பெட்டி கிடைக்கட்டும்.

இனித் துணி. 50 சென்ரிமீற்றர் சதுரம் பொதுவாகப் போதும், அண்ணா அனுப்பும் அளவைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டலாம். கைத்தறிப் பருத்தியில் மெல்லியதாகப் பார்த்து எடுங்கள், தடித்த துணியில் முடிச்சு நிற்காது. வெட்டுவதற்கு முன் ஒருதரம் தோய்த்துக் காயவிடுங்கள், பருத்தி சுருங்கும். சிவப்பு நூலை நனைத்து ஒரு வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்த நூல் வேண்டாம்.

அதில் எதைத் தைப்பது? ஜப்பானின் வடக்குப் பகுதியில் வேளாண்மை செய்த பெண்கள், நீலச் சாயத் துணியைத் தடிப்பாக்கவும் பழுது பார்க்கவும் வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டார்கள். சஷிக்கோ என்ற அந்தத் தையலின் கோலங்கள் இணையம் முழுக்கக் கிடைக்கின்றன. பார்த்து ரசியுங்கள். ஆனால் அதையே தைத்து அவருக்குக் கொடுக்காதீர்கள். அதில் கைதேர்ந்தவர்கள் செய்ததை அவர் சிறுவயதில் இருந்தே பார்த்திருக்கக் கூடும். அம்மம்மாவின் பெட்டி மூடியில் விழும் ஓலைக் கோலத்தை அவர் எங்கேயும் பார்த்திருக்க முடியாது. அந்தக் கோலத்தை ஒரு தாளில் வரைந்து எடுத்து, துணியின் ஒரு மூலையில் ஓட்டுத்தையலாகப் போடுங்கள். பெட்டியும் துணியும் அப்போது ஒரே கோலத்தில் சேரும். இந்தப் பரிசின் வடிவமைப்பு என்று நான் சொல்வது இவ்வளவுதான், மற்றதெல்லாம் கைவேலை. எதிர் மூலையில், உள்பக்கமாக, அண்ணியின் பெயரைத் தமிழ் எழுத்தில் சின்னதாகத் தையுங்கள். அவரே தன் பெயரை எப்படி உச்சரிக்கிறார் என்று அண்ணாவிடம் ஒரு குரல்பதிவு வாங்கிக் கேட்டுவிட்டு எழுத்தை முடிவு செய்யுங்கள். பெயரும் படமும் அச்சடித்த கோப்பை ஒரே நாளில் கடையில் கிடைக்கும். நீங்கள் செய்யப்போவது அந்த வகை அல்ல.

கையால் செய்து கொடுத்தவர்கள் உலகம் முழுக்க இதைத்தான் செய்திருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டில் இளைஞர்கள் தாங்கள் விரும்பிய பெண்ணுக்கு மரக்கரண்டி செதுக்கிக் கொடுப்பார்கள். அங்குள்ள செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் 1667ஆம் ஆண்டின் கரண்டி ஒன்று இருக்கிறது. ஒரே மரத்துண்டில் சங்கிலி வளையங்களை வெட்டு ஒட்டு இல்லாமல் செதுக்கி எடுப்பதில் தங்கள் கைத்திறனைக் காட்டினார்கள். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா என்ற போர்வை செய்வார்கள், பிறந்த குழந்தைக்கும் அதைச் செய்து கொடுப்பார்கள். நம் வீடுகளில் அம்மாவின் பழைய சேலையில் ஏணை கட்டிப் பிள்ளையை வளர்த்தியதும் அதே மனம்தான். அம்மாவின் பழைய சேலை ஒன்றில் இருந்து ஒரு துண்டை, பெட்டி மூடியின் உள்பக்கத்தில் வைத்துத் தைக்கலாமா என்று அம்மாவிடமே கேளுங்கள். கலியாணத்துக்குப் பழந்துணியா என்று யோசித்தால் வற்புறுத்த வேண்டாம். சம்மதித்தால் பெட்டியில் மூன்று தலைமுறை வந்துவிடும்.

சரி, உங்களைப் பயமுறுத்திய விஷயங்களுக்கு வருவோம்.

எண்ணில் நாலையும் ஒன்பதையும் தவிர்க்கிறார்கள், அது உண்மை. அங்கே கோப்பை, தட்டுகளை ஐந்து ஐந்தாகத்தான் செட் சேர்ப்பார்கள். கலியாணத்துக்குக் கொடுக்கும் காசுத் தாள்களின் எண்ணிக்கையும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், மூன்று 10,000 யென் தாள், அதாவது 30,000 யென் என்பது வழக்கமான ஒரு தொகை. இரண்டாகப் பிரிகிற தொகை தம்பதியைப் பிரித்துவிடும் என்று எண்ணம். 1000 ரூபாவோடு இன்னும் ஒரு ரூபா வைத்து 1001 ஆகக் கொடுக்கிற நமக்கு இது விளங்காத விஷயமா? சீனரிடம் போனால் இதுவே தலைகீழ், அவர்களுக்குக் கலியாணத்தில் இரட்டைப்படைதான் மங்கலம், எட்டு என்றால் இன்னும் நல்லது. அதனால்தான் "ஆசிய நாடுகளில் இதைச் செய்யாதீர்கள்" என்று ஒரே பட்டியலில் எல்லோரையும் போடுகிற பக்கங்களை நம்ப வேண்டாம் என்கிறேன்.

வெள்ளை விஷயமும் அப்படித்தான். பரிசை வெள்ளைத் தாளில் சுற்றக் கூடாது என்பது சீனருக்குப் பொருந்தும். ஜப்பானிய மணப்பெண்ணின் பாரம்பரிய உடையே தலைமுதல் கால்வரை வெள்ளைக் கிமோனோ. கலியாணத்தில் வெள்ளை யாருக்காவது உறுத்தும் என்றால் அது நம் பெரியவர்களுக்குத்தான். அம்மாவிடம் இன்னொன்றையும் இப்போதே சொல்லி வையுங்கள். ஜப்பானியக் கலியாணங்களில் மணமக்களின் தாய்மாரும் நெருங்கிய உறவில் உள்ள திருமணமான பெண்களும் கறுப்புக் கிமோனோ உடுத்துவது வழக்கம், அது அவர்களின் மிக உயர்ந்த மங்கல உடை. பெண்ணின் தாயார் கறுப்பில் வந்து நின்றால் அம்மா திடுக்கிடக் கூடாது. கத்தியையும் கத்தரிக்கோலையும் பற்றி எழுத ஒன்றுமில்லை, நீங்கள் அவற்றைக் கொடுக்கப் போவதில்லை.

நிறத்தில் சிவப்பையும் வெள்ளையையும் எடுங்கள். ஜப்பானில் மங்கலப் பரிசு உறைகளைக் கட்டும் நூல் பெரும்பாலும் இந்த இரண்டு நிறத்தில் இருக்கும். நல்லூர்க் கோயில் மதிலைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கும் அந்தப் பட்டை அந்நியமில்லை. வெளிறிய குருத்தோலைக்கு நடுவே சிவப்புச் சாயம் ஏற்றிய ஓலையை அங்கங்கே ஊடுவிட்டால் போதும். வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் தைத்தால் அம்மாவின் மனமும் ஆறும்.

முடிச்சில்தான் உண்மையாகக் கவனம் வேண்டும். இழுத்தால் அவிழ்கிற பூ முடிச்சை ஜப்பானில் பிள்ளைப்பேறு போன்றவற்றுக்கு வைப்பார்கள், திரும்பத் திரும்ப வரட்டும் என்று. கலியாணம் ஒருதரம்தான் நடக்க வேண்டும் என்பதால் அதற்கு அவிழாத, இறுகிய முடிச்சு. ஆகவே ரிப்பனில் பூக் கட்ட வேண்டாம். துணியின் எதிர் முனைகளை இரட்டை முடிச்சாக இறுக்கிக் கட்டி, இரண்டு கையாலும் பிடித்துக் கொடுங்கள். கொடுத்தவர் முன்னால் பிரித்துப் பார்க்காமல் அப்படியே எடுத்து வைப்பது அங்கே பழைய மரியாதை. அவர் அப்படிச் செய்தால் பிடிக்கவில்லையோ என்று நினைக்காதீர்கள். அவுஸ்திரேலியப் பழக்கப்படி உடனே பிரித்தாலும் நல்லதுதான்.

சில வாரத்தில் அண்ணியிடம் இருந்தோ அவர் பெற்றோரிடம் இருந்தோ உங்களுக்கு ஒரு பொருள் வரலாம். ஒக்காயேஷி என்பார்கள், கிடைத்த பரிசுக்குப் பதில் பரிசு, அநேகமாக அதன் பாதி விலை அளவில். "நாங்கள் அன்பாகக் கொடுத்தோம், இவர்கள் கணக்குத் தீர்க்கிறார்களே" என்று அம்மா மனம் நோகக் கூடும். பக்கத்து வீட்டில் இருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பாமல், ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புகிற வீடுகள் நம்முடையவை. அதை நினைவுபடுத்துங்கள். பெட்டிக்கு எவ்வளவு செலவானது, எத்தனை நாள் எடுத்தது என்று மட்டும் அவர்கள் காதில் விழக் கதைக்க வேண்டாம். பதிலுக்கு என்ன செய்வது என்ற பாரம் அவர்கள் தலையில் ஏறும்.

அம்மாவின் குத்துவிளக்கை மறுக்காதீர்கள். அது அம்மாவின் பரிசு, மருமகளுக்கு மாமியார் கொடுக்க வேண்டியதுதான். பயணப்பெட்டியின் நிறையை யோசித்துச் சின்னதாக, மேசையில் வைக்கக்கூடியதாக வாங்கச் சொல்லுங்கள். உங்கள் பரிசை அதோடு சேர்க்காமல் தனியாகக் கொடுங்கள்.

அப்புறம், கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று. அவுஸ்திரேலியா தாவரப் பொருள்களில் மிகவும் கடுமையான நாடு. அங்கே போய் இறங்குகிறவர்கள் நிரப்பும் வருகைப் படிவத்தில் தாவரப் பொருள் இருக்கிறது என்று குறித்து, பெட்டியை அதிகாரியிடம் காட்டுங்கள். நன்றாகக் காய்ந்த, பூச்சி இல்லாத சுத்தமான கைவினைப் பொருளாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. மறைத்தால் அபராதம். பெட்டிக்குள் அழகுக்கென்று விதை, காய்ந்த பூ, அரிசி, மஞ்சள் துண்டு எதையும் வைக்காதீர்கள். ஓலையில் பூஞ்சணம் பிடித்தால் எல்லாமே வீண் என்பதால் ஐப்பசி மழைக்கு முன்னரே இழைத்து முடித்து, நல்ல வெயிலில் காயவைத்து, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். உள்ளே ஒரு சின்ன அட்டையில் இது பனை என்ற மரத்தின் ஓலை, இழைத்தவர் எங்கள் அம்மம்மா, ஈரம் பட்டால் காயவைக்க வேண்டும் என்று மூன்று வரி எழுதுங்கள். அண்ணாவுக்கு ஜப்பானிய எழுத்துத் தெரிந்தால் கீழே அவரைக் கொண்டு எழுதுவியுங்கள்.

அளவு கைக்கு வந்ததும், நல்ல குருத்தில் கை வைப்பதற்கு முன், மிஞ்சிய ஓலையில் ஒரு மாதிரிப் பெட்டி இழைத்து மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று அம்மம்மாவோடு பார்த்துவிடுங்கள்.