ஓகஸ்ட் விடுமுறைக்குப் புது நாவல்: கேளுங்கோ, சொல்கிறேன்

நல்லூர்த் திருவிழாவும் பள்ளி விடுமுறையும் கிட்ட வந்துவிட்டன. எங்கள் வாசிப்பு வட்டத்தில் "இந்த முறை எதை வாசிக்கிறது?" என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. நாவல் மட்டும்தான். கவிதைக்கு வேறு ஆளைப் பிடியுங்கள். 'புது' என்றால் என் கணக்கில் 2000க்குப் பிறகு வந்தது.

கொக்குவில், ஆசிரியை: கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள் அக்கா. எதைப் பார்த்து எடுப்பது?

பின்னட்டையை நம்பாதீர்கள் டீச்சர். பின்னட்டையில் எல்லா நாவலும் மகத்தானதுதான். முதல் பக்கமும் வேண்டாம். எழுதியவர் அதைத்தான் திருப்பித் திருப்பித் திருத்தியிருப்பார். நடுவில் திறந்து, இரண்டு பேர் கதைக்கும் இடமாகப் பார்த்து வாசியுங்கள். வன்னிக் கிழவியும் கொழும்பு எஞ்சினியரும் ஒரே மாதிரிக் கதைத்தால் திரும்ப அடுக்கிலேயே வைத்துவிடுங்கள்.

விருது ஸ்டிக்கரைக் கண்டு மயங்குவதும் பிழை, வெறுப்பதும் பிழை. தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' 2023இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. கொங்கு நாட்டில் முடிதிருத்தும் குடும்பமொன்றில் ஒரு மாமாவின் சாவு, அதற்கு வந்து கூடும் சொந்தபந்தம், பழைய கோபதாபம். ஊர் வேறு, பேச்சு வேறு. ஆனால் எங்களுடைய செத்தவீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த முற்றம் புதிதாக இராது.

மானிப்பாய், உயர்தர மாணவன்: அன்ரி, புது நாவல்களின் பி.டி.எஃப் இருக்கா?

இல்லைத் தம்பி. பழைய ஈழத்து நூல்கள் 'நூலகம்' இணையத்தளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன, அங்கே போ. புது நாவலை எழுதியவருக்கும் வீட்டில் உலை வைக்க வேணும். காசில்லாவிட்டால் பொது நூலகத்தில் அங்கத்துவம் எடு.

ஸ்காபரோவிலிருந்து திருவிழாவுக்கு வரும் தாய்: மகளுக்குப் பதினேழு வயது. தமிழ் கதைப்பாள், வாசிக்க மாட்டாள். நாவல் மூலமாவது ஊரைத் தெரிந்துகொள்ளட்டும் என்று பார்க்கிறேன்.

யோசிக்கவே வேண்டாம், வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்'. ஆங்கில நாவல், 2023இல் வந்தது. அடுத்த ஆண்டு பிரித்தானியாவின் பெண்கள் புனைகதைப் பரிசை வென்றது. 1981இல் யாழ்ப்பாணத்தில் டாக்டராக வேண்டுமென்று படிக்கும் சசி, அவளுக்கு நான்கு சகோதரர்கள். தொடக்கத்திலேயே கொதிதண்ணீர் அவள் மேல் ஊற்றுப்பட்டுவிடும். சைக்கிளில் போன அயல்வீட்டுப் பெடியன் ஓடிவந்து, புண்ணின் மேல் முட்டையை உடைத்து ஊற்றுவான். அந்த இடத்திலேயே எனக்கு எங்கள் குசினி கண்ணில் வந்துவிட்டது. அந்தப் பெடியன் பிறகு என்ன ஆனான் என்பதில்தான் கதை இருக்கிறது, அதைச் சொல்லப்போவதில்லை.

ஒன்று மட்டும்: பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கோயிலுக்குப் போய்விடாதீர்கள். நீங்களும் வாசியுங்கள். அவள் கேள்வி கேட்பாள்.

சாவகச்சேரி, ஓய்வுபெற்ற தபாலதிபர்: ஈழத்து நாவல் என்று எதை எடுத்தாலும் சண்டை. விடுமுறையிலும் இருந்து அழவேணுமோ?

உங்கள் சலிப்பு விளங்குகிறது ஐயா. 2009க்குப் பிறகு வந்தவற்றில் பாதிக்குமேல் கதையில்லை, சம்பவப் பட்டியல்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள். ஷோபாசக்தியின் 'கொரில்லா' அகதி விண்ணப்பக் கடிதமாகத் தொடங்கும். அந்தக் கடிதத்தில் சிரிக்காமல் இருந்து காட்டுங்கள் பார்ப்போம். சயந்தனின் 'ஆதிரை'யில் போர் இருக்கிறது, கூடவே மலையகத்திலிருந்து அடிபட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிய குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களை யாழ்ப்பாணத்தார் நாங்கள் எப்படி நடத்தினோம் என்பது அந்த நாவலில் உறுத்துகிற முள். சண்டை அலுத்துவிட்டதென்று சொல்கிறவர்கள் சில வேளை இந்த முள்ளுக்குத்தான் பயப்படுகிறார்கள்.

வல்வெட்டித்துறை, குடும்பப்பெண் (இடையில் புகுந்து): ஐயாவுக்கு அலுக்கலாம். என் மகன் இன்னும் வரவில்லை. எழுதட்டும், இன்னும் எழுதட்டும்.

மீண்டும் தபாலதிபர்: தங்கச்சி, நான் எழுதவேண்டாமென்று சொல்லவில்லை. எனக்கு இரவில் நித்திரை வருகுதில்லை, அவ்வளவுதான்.

இரண்டு பேருமே சரி. அக்கா, உங்களுக்கு நான் எந்தப் புத்தகமும் சிபாரிசு செய்யப்போவதில்லை. நீங்கள் கேட்கும்போது சொல்கிறேன். ஐயா, படுக்கப் போகுமுன் எதையும் எடுக்காதீர்கள். பகலில், தேத்தண்ணிக்குப் பிறகு, தமிழ்நதியின் 'பார்த்தீனியம்'. இந்திய இராணுவ காலத்துக் கதை என்றாலும் ஒரு காதலைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கிறது. அதுவும் முடியாதென்றால் மேலே டீச்சருக்குச் சொன்னதை எடுங்கள்.

'போர் இலக்கியம் வேணுமா வேண்டாமா' என்று இதற்குக் கீழே ஒரு கூட்டமே எழுதித் தள்ளியிருக்கிறது. வாசித்துவிட்டுச் சண்டை பிடிப்பவர்களுக்கு மட்டும் பதில் சொல்வேன். அப்படி ஒருவரையும் காணவில்லை.

உரும்பிராய்: அக்கா, 'ஆதிரை' பி.டி.எஃப்?

மானிப்பாய்த் தம்பிக்குச் சொன்னதுதான்.

பருத்தித்துறை, மகள்: அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கண் மங்கல். முன்பு நிறைய வாசித்தவர்.

நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவர் கேட்கட்டும். அ. முத்துலிங்கத்தின் 'கடவுள் தொடங்கிய இடம்' ஆனந்த விகடனில் தொடராக வந்தது, அதனால் அத்தியாயங்கள் இரவுக்கு ஒன்றாக வாசிக்கத் தோதானவை. நாடு நாடாக அலையும் அகதியின் கதைதான். ஆனால் அந்த மனுசன் துயரத்தையும் கண் சிமிட்டிக்கொண்டுதான் சொல்வார். அம்மா இடையில் நிறுத்தி, "எங்கட ஆக்களும் இப்பிடித்தான் போனவை" என்று தொடங்கினால் புத்தகத்தை மூடிவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

நெல்லியடி: நானே ஒரு நாவல் எழுதியிருக்கிறேன், அனுப்பலாமா?

விடுமுறை முடியட்டும்.

சுன்னாகம்: இந்தப் பட்டியல் முழுக்க ஒரே கோப்பாக பி.டி.எஃப்பில்...

அடுத்த கேள்வி.

கோண்டாவில், வங்கி ஊழியர்: பெரிய நாவல்தான் பிடிக்கும். 'பொன்னியின் செல்வன்' இரண்டு தரம் முடித்துவிட்டேன். அதுபோல நீளமாக, ஆனால் எங்கள் மண்ணில்?

தேவகாந்தனின் 'கனவுச்சிறை'. நயினாதீவில் தொடங்கி ஐந்து பாகம் போகிறது. குதிரையில் வந்தியத்தேவன் வருவானென்று எதிர்பார்க்க வேண்டாம்; மெதுவாகத்தான் நகரும், முதல் பாகத்தில் பொறுமை வேணும். ஒரே தொகுதியாக வந்த பதிப்பை வாங்கினால் படுத்திருந்து வாசிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள், மேசையில் வைத்துத்தான் வாசிக்கலாம். இந்தியப் பதிப்பு; அட்டையில் போட்டிருக்கும் விலை இந்திய ரூபாய். எங்கள் காசில் எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கையில் எடுங்கள்.